ஓட்டை மாமாவும் பாதி வளையமும்

கார் கொட்டகையில் இருந்தவர்கள்: ஓட்டை மாமா. அவருடைய சம்சாரம், நாங்கள் மாமி என்று கூப்பிடுகிறவர். என் சம்சாரம் செல்வி. மேல்வீட்டு சந்துரு. நான். மேசைமேல் பழைய வேட்டியில் சுற்றிப் படுக்கவைத்த ஒரு மண் பிள்ளையார்.

யாரும் சத்தமாகப் பேசவில்லை. பிள்ளையார் தூங்குகிறார், எழுப்பக் கூடாது என்பது மாமியின் உத்தரவு.

ஏன் அப்படி என்று சொல்வதற்கு முன் ஓட்டை மாமாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். மேற்கு மாம்பலத்தில் அவர் கைக்கு எட்டிய பொருள் எதுவும் ஓட்டை விழாமல் தப்பியதில்லை. நான் கூட்டிச் சொல்கிறவன் இல்லை. அதிகம் பேசுகிறவனும் இல்லை. கண்ணால் பார்த்ததை எழுதுகிறேன்.

பூரிக்கட்டையில் ஓட்டை. ஆணியில் மாட்டுவதற்கு. அரிவாள்மணையில் ஓட்டை. குடைப்பிடியில், சீப்பில், செருப்பின் குதிகாலில் ஓட்டை. எல்லாம் மாட்டுவதற்கு. அந்த வீட்டில் சுவரில் தொங்காதவை இரண்டுதான். ஒன்று ஃபிரிட்ஜ். இன்னொன்று மாமி.

ஒரு நாள் காபி டபராவின் விளிம்புக்குக் கீழே ஓட்டை போட்டு மாட்டிவிட்டார். மறுநாள் காலை காபி அவர் வேட்டியில் இறங்கியது. மாமி பார்த்துக்கொண்டே இருந்தார். "இனிமே உங்களுக்கு முக்கா டபராதான்" என்றார். அன்றிலிருந்து முக்கால் டபராதான். டபராவை மாற்றவில்லை. ஓட்டை நன்றாக வந்திருக்கிறதாம்.

ஓட்டை மாமா என்று முகத்துக்கு நேரேதான் கூப்பிடுவோம். கோபப்பட மாட்டார். "ஓட்டை இல்லேன்னா நீ எப்படிடா மூச்சு விடுவே?" என்பார். 

மாமா ஒரு அரசாங்க அலுவலகத்தில் கணக்குப் பார்த்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற மாதம் காசிக்கு டிக்கெட் எடுக்கப் போனார். திரும்பும்போது ஒரு குட்டி யானை வண்டியில் டிரில் மெஷினோடு வந்து இறங்கினார். கொஞ்ச நாளில் ஒரு சின்ன லேத்தும் வந்தது. கார் கொட்டகையில் கார் நின்றதே இல்லை. காசிக்குப் போய் வந்தாச்சா என்று யாராவது கேட்டால் மாமி கொட்டகைப் பக்கம் கையைக் காட்டுவார். "என் காசி அதோ அந்த மூலையில நிக்கறது. தெனம் கர்ருனு கத்தறது."

என் தொழில் பட்சணம். அதே தெருவில் ஒரு பின்கட்டில் அடுப்பு. வருடம் முழுக்க இட்லி மாவு அரைத்து விற்பேன். அது வயிற்றுக்கு. தீபாவளிக்குப் போடும் ஓமப்பொடியும் மிக்சரும்தான் மற்ற எல்லாவற்றுக்கும். ஓமப்பொடி இல்லாமல் மிக்சர் இல்லை. மிக்சர் இல்லாமல் எங்களுக்குத் தீபாவளி இல்லை.

என்னுடையது பழைய வெண்கல நாழி. மாவைப் போட்டு அழுத்தினால் அடியில் இருக்கும் பித்தளை வில்லையின் ஓட்டைகள் வழியாக எண்ணெயில் இழை இழையாக விழும். நாழியின் வாய் அளவு ஒரு மாதிரியானது. கடையில் விற்கிற வில்லை எதுவும் அதில் உட்காராது.

நவராத்திரிக்குக் கொஞ்ச நாள் முன்பு வில்லையின் ஒரு ஓட்டை அடைத்துக்கொண்டது. ஊசியால் குத்தினேன். ஊசி உள்ளே முறிந்தது. மாமாவிடம் எடுத்துக்கொண்டு போனேன்.

"ஒரே ஓட்டைதான் மாமா. ஊசி முனை மாட்டிக்கினு கீது. எடுத்துட்டா போதும்."

"இதுக்கு என்னடா வேலு. மாமி காபி கொண்டு வரா. நீ குடிச்சு முடிக்கறதுக்குள்ள ஆயிடும்."

ஆயிற்று. காபி பாதியில் இருக்கும்போதே வில்லை இரண்டு துண்டு.

மாமா மெஷினை நிறுத்தினார். பிறகு சக்கைப் பிடித்து அசைத்துப் பார்த்தார். சக் என்பது டிரில் மெஷினின் வாய். அதற்கு மூன்று பல் இருக்கும். துளைக்கிற கம்பியை அந்தப் பற்கள்தான் கவ்விப் பிடிக்கின்றன. வாய் ஆடினால் கம்பி ஆடும். கம்பி ஆடினால் ஓட்டை கோணும். மெல்லிய பித்தளை, நெருக்கமான ஓட்டைகள். கிழிந்துவிட்டது.

"சக் ஆடறதுடா" என்றார்.

உள்ளேயிருந்து மாமி குரல் வந்தது. "ஏன்னா, அவன் பொழப்பை ஒடைச்சுட்டு மெஷின் மேல பழி போடறேளா?"

"இப்ப இன்னா மாமா பண்றது?" என்றேன்.

"புது வில்லை நான் பண்ணித் தரேன். தீபாவளிக்கு முன்னாடியே தரேன். ஆனா ஆடற சக்ல இனிமே ஒரு ஓட்டை போட மாட்டேன்."

நான் சும்மா இருக்கவில்லை. அசோக் நகர்ப் பக்கம் இரண்டு லேத் பட்டறை ஏறி இறங்கினேன். "ஒரே ஒரு பீஸா? தீபாவளி கழிச்சு வா நைனா" என்றான் ஒருவன். இன்னொருவன் வில்லைத் துண்டுகளைப் பார்த்துவிட்டு, யார் இந்த வேலை பண்ணினது என்று கேட்டான். தெரியாது என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

மேல்வீட்டு சந்துருவுக்குக் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. வீட்டிலிருந்தே செய்கிறவர். கீழே மெஷின் ஓடினால் மேலே அவருடைய மீட்டிங்கில் இருக்கிறவர்கள் எல்லாம் காதைப் பொத்திக்கொள்வார்களாம். அவருக்கும் மாமாவுக்கும் பேச்சு வார்த்தை அவ்வளவுதான். ஆனால் என் முகத்தைப் பார்த்து அவரே இறங்கி வந்தார்.

"அங்கிள், புது சக் ஆன்லைன்ல போட்டா நாளைக்கே வந்துரும்."

வந்தது. மாமா அதை மாட்டி, ஒரு நேர்க் கம்பியைக் கவ்வவிட்டு, பக்கத்தில் முள் ஓடுகிற மானியை வைத்துச் சுற்றிப் பார்த்தார். முள் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் போய் வந்தது. பழைய சக் தேவலை.

"இது சக் இல்லே சந்துரு. கிலுகிலுப்பை. பொட்டியில போட்டுத் திருப்பி அனுப்பிடு."

அடுத்த நாள் மாம்பலத்தில் ரயில் ஏறினோம். எழும்பூரில் இறங்கி, புதுப்பேட்டைக்கு நடந்தோம். அங்கே ஒரு பழைய சாமான் கடை. கடைக்காரர் ஒரு பாய். சக் ஒரு குவியலாகக் கிடந்தது. மாமா ஒவ்வொன்றாக எடுத்தார். கையில் தூக்கிப் பார்த்தார். காதருகில் வைத்துச் சுற்றினார். மோந்து பார்த்தார்.

"இன்னா சார், மாம்பழமா வாங்க வந்துகிறீங்க?" என்றார் பாய்.

மாமா கேட்கவில்லை. குவியலின் அடியிலிருந்து கனமான ஒன்றை எடுத்தார். திருகினார். அசையவில்லை. நான் திருகினேன். அசையவில்லை. பாய் வாங்கித் திருகினார். அவருக்கும் அசையவில்லை.

"இதான் வேணும்" என்றார் மாமா.

"சார், அது செத்துப்போன பீஸு. நல்லா சுத்தறது இத்தினி கீது, அத்தெ வுட்டுட்டு..."

"சுத்தினதெல்லாம் தேஞ்சிருக்கும். இது சுத்தவே இல்லை. அப்போ தேயலைன்னுதானே அர்த்தம்?"

பாய் என்னைப் பார்த்தார். நான் ரோட்டைப் பார்த்தேன்.

வீட்டுக்கு வந்து டீசலில் ஊறப்போட்டார். அசையவில்லை. இன்னும் ஊறப்போட்டார். வைஸ் என்கிற மேசை இடுக்கியில் பிடித்து இரண்டு பேரும் சேர்ந்து திருகினோம். என் தோள்தான் நகர்ந்தது. செத்துப்போனதுக்கு வைத்தியம் பார்க்கிறோம் என்று எனக்குத் தோன்றியது.

மாமா ஒரு ஊசியால் பல்லிடுக்கில் சுரண்டினார். சிவப்பாகத் தூள் விழுந்தது.

"துரு மாமா" என்றேன்.

அவர் மோந்து பார்த்தார். மறுபடி மோந்து பார்த்தார். என் மூக்கருகில் நீட்டினார். சந்தன வாசனை.

"துரு இல்லேடா. பக்தி."

எந்தப் பட்டறையில் இருந்ததோ தெரியாது. ஆயுத பூஜைக்கு ஆயுத பூஜை யாரோ ஒரு பக்திமான் அதன் வாய்க்குள் சந்தனமும் குங்குமமும் அப்பியிருக்கிறான். மறுநாள் துடைக்கவில்லை. அதற்கு மேலேயே அடுத்த வருடச் சந்தனம். எண்ணெயும் இரும்புத் தூளும் சேர்ந்து கல்லாகிவிட்டது. கடைசியில் வாய் திறக்கவில்லை என்று தூக்கிப் போட்டிருக்கிறார்கள்.

"சந்தனத்துக்கு எதுக்குடா டீசல்? வெந்நீர் போரும்."

மாமி குளித்துவிட்டு வந்தபோது அடுப்பில் சிவப்பாக ஒன்று கொதித்துக்கொண்டிருந்தது.

"ஏன்னா, ரசம் வெச்சேளா?" மாமியின் குரலில் அத்தனை சந்தோஷம்.

"இல்லே. சக்."

"எந்தப் பாத்திரத்துல?"

மாமா மேலே விட்டத்தைப் பார்த்தார்.

"ஐயோ, எங்கம்மா குடுத்த ஈயச் சொம்பா?"

"சேச்சே. பால் குக்கர்தான்."

பிறகு அந்த வீட்டில் பால் எதில் காய்ந்தது என்று நான் கேட்கவில்லை. காபியில் டீசல் வாசனை வந்தது. குடித்தேன்.

ஆனால் சக் திறந்தது. மாமா அதைப் பகுதி பகுதியாகக் கழற்றினார். ஓர் உடம்பு. வெளியே ஒரு சட்டை. மூன்று பல். அந்தப் பற்களை ஏற்றி இறக்குகிற, உள்பக்கம் பல் பல்லாக மரை வெட்டிய ஒரு வளையம், இரண்டு பாதியாக. உள்ளே ஒரு தேய்மானம் இல்லை. எல்லாம் பளபளவென்று இருந்தன. மாமா சொன்னது சரி. ஒரு தாம்பாளத்தில் பரப்பி, கூடத்து ஜன்னலில் காயவைத்தார்.

மறுநாள் நவராத்திரி. மாமியும் செல்வியும் அதே கூடத்தில் கொலுப்படி கட்டி, பெட்டியிலிருந்து பொம்மைகளை எடுத்து வைத்துக்கொண்டிருந்தார்கள். சாயங்காலம் மாமா தாம்பாளத்தை எடுக்கப் போனார். வளையத்தில் ஒரு பாதிதான் இருந்தது.

தேடினோம். ஜன்னலுக்குக் கீழே, வாசலில், சாக்கடை ஓரத்தில். மாமா என் சட்டைப் பையில் கைவிட்டுப் பார்த்தார். நான் சும்மா நின்றேன். தன் பையிலும் பார்த்துக்கொண்டார், நியாயமான மனுஷன்.

மறுநாள் ஒரு காந்தத்தைக் கயிற்றில் கட்டித் தெருவில் இழுத்துக்கொண்டு போனார். ஆணி, ஊக்கு, சோடா மூடி, யாருடைய ஸ்கூட்டரிலிருந்தோ விழுந்த நட்டு எல்லாம் வந்தன. "மாமா மீன் புடிக்கிறாரு டோய்" என்று பூக்காரம்மா கத்தினாள். அரிசி டின்னுக்குள் காந்தத்தை விட்டார். சந்துருவின் காருக்கு அடியில் விட்டார். கொலுப் பக்கம் வரும்போது மாமி குறுக்கே நின்றுவிட்டார். "கயித்தைப் போட்டுண்டு கொலு கிட்ட வராதேள். பொம்மை விழுந்துடும்."

"விட்டுத் தள்ளு மாமா. இன்னொரு பாதி எங்கனா வாங்கிக்கலாம்" என்றேன்.

மாமா எழுந்து உள்ளே போனார். இரண்டு பொரித்த அப்பளத்தோடு வந்தார். ஒன்றை இரண்டாக உடைத்தார். இன்னொன்றையும் உடைத்தார்.

"இதோட பாதியை அதோட பாதியோட சேரு."

சேர்த்துப் பார்த்தேன். சேரவில்லை.

"அந்த வளையமும் இப்படித்தான். முழுசாப் பண்ணி, அப்புறம் ஒடைச்சிருக்கான். ஒடஞ்ச எடம் அதோட ஜோடிக்குத்தான் பொருந்தும். வேற பாதி ஆகாது."

"சாதத்துக்குப் பொரிச்ச அப்பளம் எங்கே?" என்று உள்ளேயிருந்து கேட்டது. பாடத்தை இரண்டு பேரும் அவசரமாகத் தின்றுவிட்டோம்.

ஆயுத பூஜை வந்தது. மாமி சந்தனக் கிண்ணத்தோடு கொட்டகைக்கு வந்தார். மாமா மெஷினில் இருந்த பழைய சக்கின் வாயை உள்ளங்கையால் மூடிக்கொண்டு நின்றார்.

"வாயில வைக்காதே! நெத்தியில வை."

"சக்குக்கு நெத்தி எதுன்னா?"

மாமா யோசித்தார். நீண்ட நேரம் யோசித்தார். கடைசியில் சுவிட்சுக்கு வைத்துவிட்டுப் போனார் மாமி.

நவராத்திரி முழுவதும் மாமா சாயங்காலம் கொலுவுக்கு எதிரே உட்கார்ந்து சுண்டல் சாப்பிட்டார். முகம் மட்டும் சுண்டலில் இல்லை. விஜயதசமி அன்று மாமி பாட்டுப் பாடிப் பொம்மையைப் படுக்கவைத்தார். பிறகு பொம்மைகள் வேட்டித் துணியில் சுற்றிப் பெட்டியில் போயின. பெட்டி பரணுக்குப் போயிற்று.

மாமா ஓட்டை போடுவதை நிறுத்திவிட்டார். பழைய சக் ஆடுகிறது, புதுப்பேட்டை சக் பாதியாக இருக்கிறது. என்னைத் தெருவில் பார்த்தால் எதிர்ப் பக்கம் போய்விடுவார். எனக்குத் தீபாவளி ஆர்டர் வந்துகொண்டே இருந்தது. வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. ராகி உருண்டை பிடித்துச் சமாளிக்கலாம் என்று செல்வியிடம் சொன்னேன். "கேக்கறவங்க ஓமப்பொடி கேக்கறாங்க. நீ ராகின்ற" என்றாள்.

ஒரு காலை, மாவு பாக்கெட் கட்டும்போது மணி பார்க்க செல்வியின் போனை எடுத்தேன். கொலுவில் எடுத்த போட்டோவைத் திரையில் வைத்திருந்தாள். மூன்றாம் படியில் ஒரு சின்னப் பிள்ளையார். அவருக்குப் பின்னால் வளைவாக ஒரு திருவாசி. மேலே பூச்சரம் மறைத்திருந்தது. பூ இல்லாத ஓரத்தில், திருவாசிக்குப் பல் பல்லாக இருந்தது.

"இது எங்கேர்ந்து வந்துச்சு?" என்றேன்.

"அதுவா? பொம்மைப் பொட்டிகிட்ட வுழுந்து கெடந்துச்சு. பழைய திருவாசி ஒடஞ்சி போச்சேன்னு மாமிதான் ஒட்டி வெச்சாங்க. அழகா இல்ல?"

நான் பாக்கெட்டைக் கீழே போட்டேன். எனக்கு ஞாபகம் தெரிந்து நான் ஓடியது அன்றைக்குத்தான்.

மாமா போட்டோவை மூக்கோடு வைத்துப் பார்த்தார். "எதுத்தாப்பல உக்காந்துண்டு சுண்டல் தின்னிருக்கேனேடா!" என்றார். உடனே ஏணியை எடுத்தார்.

மாமி ஏணியின் முதல் படியில் உட்கார்ந்துவிட்டார்.

"முடியாது. பாட்டுப் பாடிப் படுக்க வெச்சாச்சு. அடுத்த நவராத்திரிக்குத்தான் எழுப்பணும். எங்காத்துல அப்படித்தான்."

"அந்தத் திருவாசி என் சக்கோடதுடி."

"இருக்கட்டுமே. இப்போ பிள்ளையாரோடது."

"வேலுவோட பொழப்புடி!"

மாமி என் பக்கம் திரும்பினார். "நீயே சொல்லுடாப்பா. தூங்கறவாளைத் தட்டி எழுப்பலாமோ?"

"வேணாம் மாமி" என்றேன். சாமி விஷயம். வேறு என்ன சொல்வது.

வெளியே வந்ததும், பின்னாலேயே வந்திருந்த செல்வி என் முதுகில் ஒன்று வைத்தாள். "சாமி தூங்கட்டும். ஊரு பூரா ஆர்டர் வாங்கி வெச்சிக்கினு நீயும் போயி பக்கத்துல படுத்துக்கோ."

மறுநாள் மாவு வாங்க மாமியே வந்தார். எப்போதும் வருகிறவர் இல்லை. பாக்கெட்டை வாங்கிக்கொண்டார். போகவில்லை.

"வேலு, உன் வில்லை ஒடஞ்சதுலேர்ந்து அவர் எதுலயும் ஓட்டை போடலே."

"ஆமா மாமி."

"நேத்திக்கு அவர் கையில ஒரு புது சோப்பு டப்பாவைக் குடுத்தேன். அடியில தண்ணி நிக்கறது, ஓட்டை இல்லேன்னேன். பாத்துட்டு வெச்சுட்டார்." மாமி பாக்கெட்டைக் கைமாற்றிக்கொண்டார். "ஆத்துல சத்தமே இல்லே. பக்கத்தாத்துக் கடிகாரம் எனக்குக் கேக்கறதுடாப்பா. எப்படி இருக்கறது அந்த ஆத்துல?"

நான் ஸ்டூலை இழுத்துப் போட்டேன். மாமி உட்காரவில்லை.

"எழுப்பப்படாது. எழுப்பாம எடுக்கலாமோன்னு யோசிக்கறேன்" என்றார்.

அப்படித்தான் எல்லோரும் கொட்டகையில் கூடினோம். சந்துருவைக் கூப்பிட்டது ஏணி பிடிக்க. பெட்டியை இறக்கியது அவரும் நானும். மாமி பிள்ளையாரை எடுத்து, சுற்றிய துணியோடு மேசைமேல் படுக்கவைத்தார். முகத்தை மூடிய துணி விலகக் கூடாது. பேச்சு குசுகுசு என்றுதான். மாமி ஒரு கையால் பிள்ளையாரைத் தட்டிக்கொடுத்துக்கொண்டே இருப்பார். மாமா பின்பக்கத் துணியை மட்டும் விலக்கி எடுக்க வேண்டும்.

மாமா கையைத் துணிக்குள் விட்டார். கண்ணை மூடிக்கொண்டார்.

"இருக்கு" என்றார், காற்றுக் குரலில்.

"இழுங்கோ."

"வரலே. எதாலடி ஒட்டினே?"

"சந்தனம்" என்றார் மாமி. "கெட்டியா அரைச்சு வெச்சேன். நன்னா பிடிச்சுண்டுது."

மாமா என்னைப் பார்த்தார். நான் வெந்நீர் வைக்கப் போனேன்.

வெந்நீரைப் பஞ்சில் தொட்டுப் பிள்ளையார் முதுகில் ஒற்றினோம். "சுடப் போறது" என்று மாமி ஊதி ஊதி ஆற்றினார். அந்த நேரம் பார்த்து சந்துருவின் போன் அலறியது. மாமி பார்த்த பார்வையில் சந்துரு போனை மேலே வீசிவிட்டார். நான் பிடித்தேன். காதில் வைத்துக்கொள்ளுங்கள் என்று அவரிடமே நீட்டினேன்.

"சார்..." என்றார் சந்துரு, மூச்சு மட்டும் வெளியே வருகிற குரலில். "சத்தமா பேச முடியாது சார்... இங்க ஒருத்தர் தூங்கறாரு... இல்ல சார், குழந்தை இல்ல... பிள்ளையார் சார்... கட் பண்ணிட்டார்."

செல்வி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு வாசலுக்கு ஓடினாள். மாமி சிரிக்கவில்லை. தட்டிக்கொடுக்கிற வேகம் மட்டும் கூடியது. "ஒண்ணும் இல்லே, ஒண்ணும் இல்லே, தூங்கு" என்று பிள்ளையாரிடம் சொன்னார்.

மாமாவின் கை வெளியே வந்தது. விரல்களுக்கு நடுவில் பாதி வளையம்.

கழுவித் துடைத்து, இன்னொரு பாதியோடு சேர்த்தார். டிக் என்று ஒரு சத்தம். உடைந்த கோடு எங்கே என்று தெரியவில்லை. முழு வளையம். மாமா அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு மாமியைப் பார்த்தபடியே நின்றார்.

"என்னை என்ன பாக்கறேள்? மெஷினைப் பாருங்கோ" என்றார் மாமி. பிள்ளையாரைத் தோளில் சாய்த்துக்கொண்டு உள்ளே போனார்.

மூன்று பற்களுக்கும் எண் குத்தியிருந்தது. வரிசை மாறினால் வாய் கோணும். மாமாவின் கண்ணாடி வெந்நீர் ஆவியில் மங்கியிருந்ததால் செல்வி படித்துப் படித்துக் கொடுத்தாள். மாமா பல்லை வைத்தார். வளையத்தைச் சேர்த்தார். வெளிச்சட்டையை வைஸில் வைத்து அழுத்தி ஏற்றினார். மெஷினில் மாட்டி, முள் மானியை வைத்து, கையால் சுற்றினார்.

முள் நடுங்கியது. போகவில்லை. இருந்த இடத்திலேயே இருந்தது.

"இறங்கிட்டான்டா" என்றார் மாமா. யார் இறங்கினார்கள் என்று எனக்குப் புரியவில்லை. என் நெஞ்சில் கிடந்தது இறங்கியது தெரிந்தது.

"வில்லைக்குப் பித்தளை?" என்றேன்.

ஒரு கனமான வட்டத் தகட்டை எடுத்து வைத்தார். அளவு சரியாக லேத்தில் கடைந்து வைத்திருந்தார். நான் நாழியில் வைத்துப் பார்த்தேன். உட்கார்ந்தது. திருப்பிப் பார்த்தேன். அரம் போட்டுத் தேய்த்தும் போகாமல் இரண்டு மூன்று எழுத்துகள் நின்றன. வாசல் கதவைப் போய்ப் பார்த்தேன். பெயர்ப் பலகை இருந்த இடத்தில் நான்கு திருகாணி ஓட்டைகள்தான் இருந்தன.

"கடையில இந்தக் கனம் கெடைக்கலேடா. ரிடையர் ஆனப்போ ஆபீஸ்ல பண்ணிக் குடுத்தது. சும்மாதானே தொங்கறது" என்றார் மாமா. "என் பேர் யாருக்குத் தெரியணும் இப்போ?"

இன்று அந்தப் பழைய வீடு இல்லை. இடித்துக் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். மாமாவும் மாமியும் நங்கநல்லூரில் மூன்றாவது மாடியில் இருக்கிறார்கள். டிரில் மெஷினும் லிஃப்டில் ஏறிப் போயிருக்கிறது. போன வாரம் போயிருந்தேன். அந்தக் கதவிலும் பெயர் இல்லை. அவர் பெயரில் மிச்சமிருந்த எழுத்துகள் என் நாழியில், மாவுப் பக்கம் இருக்கின்றன. நான் அதிகம் படிக்காதவன். அந்த எழுத்துகளை மட்டும் மாவு போடும்போதெல்லாம் படிப்பேன்.

அன்றைக்கு, ஓட்டை போடுவதற்கு முன் மாமா கொட்டகை வாசலுக்கு வந்து குரல் கொடுத்தார். "ஏய், இங்க வாயேன். என்னால எண்ண முடியாது. கண்ணு வேலையில இருக்கும். நீ எண்ணு."

அந்த மெஷின் வந்த நாளிலிருந்து, அது ஓடும்போது மாமி பக்கத்தில் நின்றதில்லை. வந்தார். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நின்றார். நடுவில் ஒன்று, சுற்றி ஆறு, அதைச் சுற்றிப் பன்னிரண்டு, கடைசி வட்டம் பதினெட்டு. மாமா புள்ளி குத்தி வைத்திருந்தார், கோலத்துக்கு வைக்கிற மாதிரி.

"ஒண்ணு" என்றார் மாமி. பித்தளைச் சுருள் தங்கமாக எழுந்து விழுந்தது. கம்பி ஆடவில்லை.

நடுவிலிருந்து வெளியே வந்தார். உள்வட்டம் முடிந்தது. அடுத்த வட்டம் முடிந்தது. மேலே சந்துருவுக்கு மீட்டிங் இருந்திருக்கும். அவர் போகவில்லை. கடைசி வட்டம் விளிம்புக்குப் பக்கம். பழைய வில்லை கிழிந்தது அங்கேதான். செல்வி என் கையைப் பிடித்துக்கொண்டாள். நகம் பதிந்தது. மாமி எண்ணுகிற குரல் சின்னதாகிக்கொண்டே போயிற்று. மாமா ஒவ்வொரு ஓட்டைக்கும் கைப்பிடியை இறக்கினார், மூச்சை விட்டார், ஏற்றினார்.

ஒரு புள்ளி மிச்சம். மாமா நெற்றியைத் துடைத்துக்கொள்ளத் திரும்பினார். கையில் எண்ணெய். மாமி முந்தானையால் அவர் நெற்றியைத் துடைத்துவிட்டார். "ம், போடுங்கோ" என்றார்.

மாமா கைப்பிடியை இறக்கினார். சுருள் எழுந்தது. கம்பி அடிக் கட்டையைத் தொட்டது. ஏற்றினார். தகட்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். எல்லா ஓட்டையிலும் வானம் தெரிந்தது. எங்கேயும் கிழியவில்லை.

மாமிதான் சொன்னார்.

"முப்பத்தேழு."